ஊரார் வளர்க்கும் சங்கம்



சங்கம் என்னும் சொல் எங்கள் பகுதியில் மலிந்த சொல். வள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையில் பேருந்தில் செல்பவர் இருமருங்கிலும் பார்த்துக்கொண்டே போனால் தொழிற்சங்கம், வணிகர் சங்கம், ஓட்டுநர் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம் எனப் பல பலகைகளைக் காணலாம். இவையெல்லாம் வேண்டியவையே. கூலியையும் தண்ணீரையும் கேட்டுப் பெற ஒருவர் குரல் போதாது. நான் இன்று பேசவிருப்பது வேறு வகைச் சங்கத்தைப் பற்றி. ஓர் ஊரார் தம் கைப்பொருளைச் சந்தாவாகக் கொடுத்து, நூல்களைச் சேர்த்து, அறிந்தோரை அழைத்துப் பேசச் செய்து, பேசியவரைக் கேள்வியும் கேட்பதற்காகக் கூடும் அவை அது.

இத்தகைய அவைகளில் ஐரோப்பாவில் புகழ்பெற்றது ஸ்பெயின் நாட்டுத் தலைநகராகிய மாத்ரித்தில் உள்ள அத்தெனேயோ. கிரேக்கரின் கல்வித் தெய்வமாகிய அத்தேனாவின் பெயரால் அமைந்தது. 1820-இல் அது தோன்றியது. மன்னரின் தனியாட்சி மீண்டபோது, 1823-இல் மூடப்பட்டது. 1835-இல் மறுபடியும் எழுந்தது. அறிவியல், இலக்கியம், கலை ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. 1884-இல் சொந்தக் கட்டடத்திற்குக் குடிபுகுந்தது. எமிலியா பார்தோ பசான் என்னும் நாவலாசிரியை 1905-இல் அதன் முதற் பெண் உறுப்பினரானார். 1924-இல் பிரிமோ தெ ரிவேரா என்னும் படைத்தலைவரின் ஆட்சியில் அதற்கு மீண்டும் பூட்டு விழுந்தது. பின்னர், 1930-இல் அதற்குத் தலைவரான மனுவேல் அசான்யா அடுத்த ஆண்டே நாட்டின் தலைமையமைச்சரானார். 1936-இல் குடியரசுத் தலைவருமானார்.

நூல் படிக்கும் இடத்தை எதற்காக ஓர் அரசு பூட்ட வேண்டும்? வெறுமனே படிப்பதைப் பற்றி எந்த ஆட்சியும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. படித்தவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து, ஒருவரையொருவர் மறுத்துப் பேசப் பழகும்போதுதான் கவலை பிறக்கிறது. அத்தெனேயோவின் உயிர் அந்தப் பழக்கத்தில் இருந்தது என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் உண்டு. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சொற்பொழிவுக்காக அந்நகருக்கு வந்தவர் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமெனக் கேட்க, சங்கம் இருந்த அந்த ஊரிலேயே அவை கிடைக்கவில்லை என்றும், அதுவே அவரைத் தூண்டியது என்றும் சொல்வர். புத்தகசாலையும், 'செந்தமிழ்' என்னும் இதழும், பண்டிதத் தேர்வுகளும் அச்சங்கத்தின் வழியே வந்தன. எனினும், அது பாலவனத்தம் ஜமீன்தார் ஒருவரின் வள்ளன்மையில் பிறந்தது. வள்ளல் இல்லாத ஊர் என்ன செய்யும்?

அதற்கு விடையாக நிற்பது தஞ்சையை அடுத்த கரந்தை. 1911-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் அங்கே தமிழ்ச் சங்கம் தோன்றியது. இராதாகிருட்டிண பிள்ளை அதனைத் தொடங்கினார். அவருடைய தமையனார், வழக்கறிஞர் உமாமகேசுவரனார், தலைவரானார். முப்பது ஆண்டுகள், 1941-இல் தம் வாழ்நாள் முடியும் வரையில், அவர் அப்பொறுப்பில் இருந்தார். காலையில் நீதிமன்றம், மாலையில் சங்கம் என்று உழைத்த நடுத்தரக் குடும்பத்தவர் அவர். 1919-இலேயே தமிழை உயர்தனிச் செம்மொழியாக ஏற்க வேண்டுமென அச்சங்கம் தீர்மானம் செய்தது. நடுவண் அரசு அதனை ஏற்றது 2004-இல். இடையில் கழிந்தவை எண்பத்தைந்து ஆண்டுகள்! தீர்மானம் போட்டவர் எவரும் பயனைக் கண்டிருக்க மாட்டார். 1925-இல் 'தமிழ்ப் பொழில்' என்னும் திங்களிதழ் தொடங்கிற்று. 1938-இல் புலவர் கல்லூரி வந்தது. விபுலானந்த அடிகளின் பல்லாண்டு உழைப்பாகிய 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்ததும் அச்சங்கத்தின் துணையால்தான். மனோன்மணீயம் நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தை, 1970-இல் அரசு விழாக்களுக்கு உரியதாக ஆக்குவதற்கு நெடுநாள் முன்னரே, தன் கூட்டங்களில் பாடி வந்ததும் அச்சங்கமே.

கரந்தை நெல் விளையும் நாடு, அங்கே கல்வி முன்னரே இருந்தது, ஆதலின் அது எளிது என்று சிலர் கூறலாம். அவர்களுக்காக எங்கள் மாவட்டத்தை ஒட்டிய ஒரு வரலாற்றைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன்.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி, 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் அப்பகுதிப் பள்ளிகளில் தெலுங்கிலேயே படித்தனர். வீட்டில் பேசும் மொழியை எழுத அறியாமல் வளர்ந்தனர். இந்த நிலையில், அரக்கோணத்தை அடுத்த குருவராசப்பேட்டையில் ஆசிரியராக இருந்த மங்கலங்கிழார் 1941-இல் 'அறநெறித் தமிழ்ச் சங்கம்' என்னும் ஒன்றை ஏற்படுத்தினார். ஜமீன் இல்லை, மாளிகை இல்லை. ஊர் ஊராகச் சென்று, கேட்க வந்தவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். கிளைகள் கிளைத்தன. பள்ளியாசிரியர் ஒருவரால் இயல்வது இவ்வளவா என்று, ஆசிரியர் பயிற்சி பெற்றவன் என்னும் முறையில், நான் பலமுறை வியந்ததுண்டு. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடத்திட்டம் எழுதக் கற்பித்தார்கள். பாடமே இல்லாத ஊரில் வகுப்பை உண்டாக்குவது எப்படி என்று கற்பிக்கவில்லை.

பின்னர் ம. பொ. சிவஞானம் அவர்கள் வட எல்லைப் போராட்டத்தை நடத்தியபோது மங்கலங்கிழார் அதில் துணை நின்றார். படித்த தமிழர் ஊர்தோறும் இருந்ததால்தான் 'இது தமிழ் நிலம்' என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. அவர் 1953-இல் மறைந்தார். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கோடு நகர்ந்தது, அவ்வூர்களின் மக்கள் நகரவில்லை. இன்றும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி ஒரு மொழியும் பேரன் ஒரு மொழியும் பேசக் கேட்கிறோம்.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். வள்ளூரில் 1500 மெகாவாட் திறனுள்ள அனல் மின் நிலையம் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. வேலை தேடி வந்தவர்களால் எங்கள் ஊர்கள் நிறைந்துவிட்டன. நூலகம் இல்லாமலில்லை, 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டித்தான் வருகிறோம். ஆனால் நூலகத்தில் பேசக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அது முறையும்கூட. பேசுவதற்குரிய இடம் எது? திருமண மண்டபத்திற்கு வாடகை மிகுதி. தேநீர்க் கடையில் நிற்க நேரம் கிடைப்பதே அரிது. விழாக்கள் நடக்கின்றன, உண்மை. அவற்றில் பொன்னாடை போர்த்துவதற்கே பாதிப் பொழுது போய்விடுகிறது. பேச்சாளர் முடித்ததும் நாட்டுப்பண். கேள்வி கேட்க எழுந்தவரை ஏதோ சண்டைக்கு வந்தவரைப் போலப் பார்க்கிறார்கள்.

தலைமையாசிரியனாக இருந்தவன் ஆதலின் எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடங்கள் மாலையில் பூட்டப்படுகின்றன. மேசையும் பலகையும் கரும்பலகையும் விளக்கும் உள்ளே இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பொறுப்பில், ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். திறவுகோலுக்கு யார் பொறுப்பு, மின்கட்டணம் யார் கொடுப்பது, நாற்காலி உடைந்தால் என்ன செய்வது என்னும் கேள்விகள் எழும். எழட்டும், இவை அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய கேள்விகளே. மின்கட்டணத்திற்குச் சந்தா போதும். சந்தா சிறிதாக இருக்க வேண்டும். ஆனால் இருக்கவே வேண்டும். காசு கொடுத்தவர்தான் கணக்குக் கேட்பார்.

முறைப்பணி ஒரு தடை. காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று தொழிலாளர் பிரிந்து கிடக்கும்போது எல்லோரையும் ஒருநாளில் கூட்ட முடியாது. ஒரே பொருளை இரு கிழமைகளில் இருமுறை பேசினால் போயிற்று. மங்கலங்கிழார் தம் மாணாக்கர் வரும் வரையில் காத்திருந்தவரல்லர். அவர்கள் இருக்கும் இடத்திற்குப் போனவர்.

எதைக் கொண்டு தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் பலர் இருக்கிறார்கள். கடைவீதியில் பழகிப் பழகித் தமிழ் பேசுகிறார்கள், எழுத்து தெரியாது. அன்று திருத்தணிப் பிள்ளைகள் இருந்த அதே நிலை. அவர்களுக்கு முதல் வகுப்பு வைக்கலாம். அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பேருந்தின் முகப்பில் உள்ள ஊர்ப்பெயர், மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரம், வாடகை ரசீதில் உள்ள தொகை, ஆலை வாயிலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை. இந்த நான்கையும் படிக்கத் தெரிந்தவர் அடுத்த கிழமை தாமே வருவார். வரும்போது தம் ஊர்க் கதையொன்றைச் சொல்லச் சொல்வோம். அன்றைக்கு அவரே பேச்சாளர், நாங்கள் கேள்வி கேட்போம்.