டில்லிக் கட்சியும் மாநிலக் கட்சியும்

(கட்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற கிளைக் கூட்டத்தில் ஓர் இளம் தோழர் கேட்டார்: "மாநிலக் கட்சிகள் மாநில உரிமை என்கின்றன. அகில இந்தியக் கட்சிகள் நாட்டின் ஒற்றுமை என்கின்றன. ஒன்றையொன்று ஏசிக்கொள்கின்றன, தேர்தல் வந்தால் கூடிக்கொள்கின்றன. இதில் யாரை நம்புவது?" நியாயமான கேள்வி. பேச்சை ஒருபுறம் வைப்போம். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

நம்முடைய அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். 1957-ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். மந்திரி சபை அமைந்தது. நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்தது. 1959 ஜூலை 31-ல் அதைக் கலைத்தார்கள். சட்டசபையில் பெரும்பான்மை போய்விட்டதா? இல்லை. ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம்கூட நிறைவேறவில்லை. அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவு டில்லியின் கையில் இருந்தது, அவ்வளவுதான். கவர்னரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ ஜனாதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. "வேறு வகையிலோ" என்ற அந்த இரண்டு சொற்களை நினைவில் வையுங்கள்; மறுபடி வரும்.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். 1969-ல் காங்கிரஸ் பிளந்தது. இந்திரா காந்தி சர்க்கார் பெரும்பான்மை இழந்து நின்றது. அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் தி.மு.க.வும் உண்டு, கம்யூனிஸ்டுகளும் உண்டு. 1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் 9 பார்லிமெண்ட் தொகுதிகளைப் பெற்றுக்கொண்டது. சட்டசபைக்கு ஒரே ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டில்லி உனக்கு, கோட்டை எனக்கு என்ற பாகப்பிரிவினை அது. அந்த அணியில் நாமும் இருந்தோம். தி.மு.க. 184 இடங்களில் வென்றது. ஐந்து ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. 1976 ஜனவரி 31-ல், அவசர நிலைக் காலத்தில், அதே இந்திரா சர்க்கார் அந்த மந்திரி சபையைக் கலைத்தது. பாகம் பிரித்தவரே பாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அவசர நிலையை நம் கட்சி ஆதரித்தது. அது தவறு என்று 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டோம். 1959-ல் அடிபட்ட நாம், 1976-ல் மற்றொருவன் அடிபட்டபோது தட்டிக் கேட்கும் தகுதியை இழந்து நின்றோம். இதை மறைத்து உங்களுக்கு வகுப்பு நடத்த முடியாது.

அப்படியானால் குற்றமெல்லாம் அகில இந்தியக் கட்சிகளிடம் மட்டுந்தானா? அதுவும் இல்லை. 1977-ல் ஜனதா சர்க்கார் ஒன்பது காங்கிரஸ் மந்திரி சபைகளை ஒரே வீச்சில் கலைத்தது. 1980 பிப்ரவரியில் இந்திரா காந்தி ஒன்பதைக் கலைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அதில் எம்.ஜி.ஆர். மந்திரி சபையும் ஒன்று. அப்போது காங்கிரசின் கூட்டாளி யார்? நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கத்தியால் வெட்டுப்பட்ட தி.மு.க.தான்! அந்த ஆண்டே நடந்த தேர்தலில் மக்கள் எம்.ஜி.ஆரைத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். பிறகு 1991 ஜனவரி 30. தி.மு.க. மந்திரி சபையைக் கலைக்க வேண்டுமென்று அ.இ.அ.தி.மு.க. நின்றது, காங்கிரஸ் தயவில் ஓடிய சந்திரசேகர் சர்க்கார் கலைத்தது. கவர்னர் பர்னாலா அறிக்கை தரவில்லை. தராவிட்டால் என்ன? "வேறு வகையிலோ" இருக்கிறதே!

ஆக, டில்லி ஆதிக்கம் என்று மேடையில் முழங்குகிறவர், பக்கத்து வீட்டுக்காரனை அடிக்க டில்லித் தடியையே கடன் கேட்கிறார்.

1996-ல் நிலைமை தலைகீழானது. பதின்மூன்று கட்சிகளின் ஐக்கிய முன்னணி டில்லியில் ஆட்சிக்கு வந்தது. தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ், தெலுங்கு தேசம், அசாம் கண பரிஷத் ஆகியவை அதில் இருந்தன. நம் தோழர் இந்திரஜித் குப்தா உள்துறை மந்திரி. இனியாவது 356-க்கு ஓய்வு என்று நினைத்தோம். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் மந்திரி சபை, பெருங்கலவரத்திற்கிடையே ஆனாலும், சட்டசபையில் நம்பிக்கை ஓட்டுப் பெற்றது. மறுநாளே ஜனாதிபதி ஆட்சி கோரிச் சிபாரிசு அனுப்பியது குஜ்ரால் மந்திரி சபை. ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார். மந்திரி சபையும் கைவிட்டது. எதிரே இருந்தது பாரதிய ஜனதா என்பது உண்மை. 1959-ல் எதிரே இருந்தது கம்யூனிஸ்டு என்றுதானே அவர்களும் சொன்னார்கள்? ஜனாதிபதிக்குத் துணை நின்றது 1994 மார்ச் 11-ல் வந்த பொம்மை வழக்குத் தீர்ப்பு. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டசபைத் தளத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பைக் கோர்ட் விசாரிக்கலாம் என்றது அது. கட்சிகள் தாமாகக் கற்காததை ஒன்பது நீதிபதிகள் கற்பித்தார்கள்.

கலைப்பது கடினமானபின் கைப்பிடி கஜானாவுக்கு மாறியது. 15-வது நிதிக் கமிஷன் பங்கிட வேண்டிய வரிகளில் நூற்றுக்கு 41 மாநிலங்களுக்கு என்றது. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலிப்பது அந்தப் பங்கில் சேராது. ஆகவே வரியைக் கூட்டினால் பங்கு தரவேண்டும். செஸ்ஸைக் கூட்டினால் தரவேண்டாம். எதைக் கூட்டுவார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யைப் பாருங்கள். கவுன்சிலில் டில்லிக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். அதாவது மாநிலங்கள் அத்தனையும், எந்தக் கட்சி ஆண்டாலும், ஒன்றுகூடி ஒரே பக்கம் கை தூக்கினாலும் 67-க்கு மேல் போகாது, 75 தேவை. டில்லி சம்மதியாமல் ஒன்றும் நடவாது. 2016-ல் இந்தத் திருத்தம் ராஜ்ய சபைக்கு வந்தபோது அ.இ.அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. மற்ற கட்சிகள், மாநிலக் கட்சிகளும் நாமும் உட்பட, ஆதரித்தோம். இந்தக் கணக்கை அன்று யார் போட்டுப் பார்த்தார்கள் என்று அந்த இளம் தோழர் கேட்டால், அதற்கும் நாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.