புகைக்குழாய்க்கு செராமிக் பூச்சு: யாருக்குப் பலன்?



ஒரு கார் பட்டறையில் நடக்கும் செய்முறை விளக்கத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஓடிச் சூடேறிய ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாயான, துருவேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது துப்பாக்கி போன்ற வெப்பமானியை நீட்டுகிறார் கடைக்காரர். திரையில் கிட்டத்தட்ட 400 டிகிரி. அடுத்து, வெள்ளியாய் மின்னும் செராமிக் பூச்சு பூசிய மேனிஃபோல்டு உள்ள இன்னொரு காருக்கு அழைத்துப் போகிறார். அங்கே 200 டிகிரிக்கும் கீழே காட்டுகிறது. "சூடு பாதியாக் குறைஞ்சிருச்சு, நீங்களே பாருங்க சார்" என்கிறார். வாடிக்கையாளர் அப்போதே முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

அந்த 200 டிகிரியை நம்ப முடியாது. அந்தக் கருவி வெப்பத்தைத் தொட்டு அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. துருப்பிடித்த இரும்பு, ஒரு பொருள் அந்தச் சூட்டில் வெளிவிடக்கூடிய அதிகபட்சக் கதிரில் சுமார் 80 சதவீதத்தை வெளிவிடும். உலோகம்போல மின்னும் பூச்சு 30 சதவீதம் அளவுக்குத்தான் விடும். விலை குறைந்த வெப்பமானிகளோ எதிரே இருக்கும் எந்தப் பொருளும் 95 சதவீதம் விடுகிறது என்றே எடுத்துக்கொள்கின்றன. அதனால் 400 டிகிரியில் இருக்கும் பளபளப்பான குழாயை 200க்குக் கீழே காட்டிவிடுகின்றன. கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. கருவி அவரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. பூச்சின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்த இடத்தில் அளந்து பார்த்தால் எண் சட்டென்று மேலே ஏறும்.

அப்படியானால் பூச்சே வீணா? இல்லை. கருவியை ஏமாற்றும் அதே குணம்தான் பூச்சின் உண்மையான பலனும்கூட. துலக்கி வைத்த பாத்திரம், கரி பிடித்த பாத்திரத்தைவிடச் சூட்டை மெதுவாக விடுவதைப் போல, பளபளப்பான குழாயும் சூட்டைச் சுற்றிலும் அதிகம் வீசுவதில்லை. கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 600 டிகிரியில் இருக்கும் துருவேறிய ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமார் 26 கிலோவாட் வெப்பத்தைக் கதிராக வீசும். பளபளப்பான பூச்சு இருந்தால் அது 10 கிலோவாட்டுக்கு இறங்கும். பக்கத்தில் ஓடும் ஒயர்களுக்கும், பிளாஸ்டிக் தொட்டிகளுக்கும், ரப்பர் ஹோஸ்களுக்கும் இது பெரிய நிம்மதி.

இதில் பூச்சின் தடிமனுக்குப் பெரிய பங்கில்லை. கடைகளில் ஸ்பிரே செய்யும் வகை 25 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும். ஒரு தாளில் பாதிகூட வராது. அவ்வளவு மெல்லிய படலம் வெப்பத்தை அணைபோட்டு நிறுத்திவிடாது. இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் மங்கலான கறுப்பு நிறத்துக்கும் இது பொருந்தும். அந்த நிறப் பூச்சு துருவைத் தடுக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கதிர்வீச்சில் துருப்பிடித்த இரும்புக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. சூட்டைக் குறைக்க வேண்டும் என்று வந்தவர் கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பணத்துக்குக் கேடு.

தடிமனால் வேலை செய்யும் பூச்சு வேறு வகை. சிர்கோனியா என்ற பீங்கான் பொடியைப் பிளாஸ்மா சுடரில் உருக்கி உலோகத்தின் மேல் அடிப்பது அது. இதன் கதை ஆகாயத்தில் தொடங்குகிறது. 1960களில் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் இன்ஜினுக்குள் சிர்கோனியாப் பூச்சு இருந்தது. 1970களில் கிளீவ்லாண்டில் உள்ள நாசா ஆய்வுக்கூடம், இட்ரியா என்ற பொருள் கலந்த சிர்கோனியாவை ஜெட் இன்ஜின் பிளேடுகளுக்காக மெருகேற்றியது. பிரிட்டனில் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் வளர்ந்த இதே வகைத் தொழில்நுட்பம் 1990களில் சுபாரு ராலி கார்களின் புகைக்குழாய்க்கு வந்தது. பிறகு ஃபார்முலா 1 வரை போனது. ஜிர்கோடெக் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். சுமார் 300 மைக்ரான் தடிமனுள்ள இந்தப் பூச்சு நிஜமாகவே வெப்பத்தைத் தடுக்கும். ஒரே குறை, பிளாஸ்மா சுடர் நேராகப் பார்க்கும் இடத்தில்தான் படியும். வளைந்து நெளிந்த குழாயின் உட்புறத்துக்கு அது போகாது.

பீங்கான் பூசும் எண்ணம் கார் உலகத்துக்குப் புதிதல்ல. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் கறுப்பு எனாமல் பூச்சோடுதான் வந்தன. அந்தக் கார்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவர்கள் எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்த மேனிஃபோல்டுகளை இன்றும் மறுபடி பூசுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். சென்னையிலும் கோவையிலும் டீடெய்லிங் கடைகளில் செராமிக் கோட்டிங் என்று விற்பது காரின் பெயின்ட் மீது பூசும் சிலிக்கா திரவம். மழைநீர் வழிந்தோட, வண்டி மினுமினுக்க உதவுவது. புகைக்குழாயின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புகைக்குழாய்ப் பூச்சின் தரம் பெரும்பாலும் ஸ்பிரே கன்னை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மேனிஃபோல்டைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, சூளையில் வைத்து இடுக்கில் ஊறியிருக்கும் எண்ணெயையும் எரித்துவிட வேண்டும். பிறகு அலுமினியம் ஆக்சைடு துகளால் பிளாஸ்டிங் செய்து, சாம்பல் நிறச் சொரசொரப்பான வெற்று உலோகம் தெரியவைக்க வேண்டும். அதற்குப் பின் வெறும் விரல் பட்டாலும் எண்ணெய் ஒட்டும் என்பதால் கையுறை போட்டே தொடுவார்கள். பூசிய பிறகு மறுபடி சூளை. வெள்ளிபோல மின்னும் வகை என்றால், குறுணிக் கற்கள் நிறைந்த அதிரும் தொட்டியில் போட்டு மெருகேற்றுவார்கள். இவற்றில் ஒன்றை விட்டாலும் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். குழாயைக் கழற்றாமலேயே அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் காசு போன காசுதான்.

சரி, இன்ஜினுக்குச் சக்தி கூடுமா? இன்ஜின் இழுக்கும் காற்றின் சூடு 3 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். சக்தியும் ஏறத்தாழ அதே அளவுக்குக் கூடலாம். கணக்கு சரி. ஆனால் இன்றைய கார்கள் முன்புற கிரில் பக்கமிருந்தே காற்றை எடுக்கின்றன. வேகமாக ஓடும்போது பானெட்டுக்குள் இருக்கும் சூடு அந்தக் காற்றை அதிகம் தொடுவதில்லை. டர்போ கார்களில் நிலைமை வேறு. வாயுவின் சூடுதான் டர்பைனைச் சுழற்றும் ஆற்றல் என்பதால், வழியில் இழக்கும் வெப்பத்தைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பல புதிய கார்களில் பூசுவதற்கு இடமே கிடையாது. 2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டு, கூலன்ட்டால் குளிர்விக்கப்படுகிறது. வேறு பல கார்களில் மேனிஃபோல்டை ஒட்டியே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும், அதற்கு மேல் கம்பெனியே ஹீட் ஷீல்டு போட்டிருக்கும். கன்வெர்ட்டருக்குப் பூச்சு போடவே கூடாது. அது வெப்பத்தை வெளியே விட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும்.

சைலன்சர் துருவுக்காகப் பூச்சு போடலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் ஓட்டம் போன்ற சிறு பயணங்களில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதற்குள் இன்ஜின் நின்றுவிடும். உள்ளே படிந்த அமிலம் கலந்த ஈரம் அங்கேயே தங்கி உள்ளிருந்து தின்னும். வெளியே பூசிய பூச்சு அதற்கு ஒன்றும் செய்யாது. அவ்வப்போது ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி அந்த ஈரத்தை உலர்த்துவதே செலவில்லாத மருந்து.

பூச்சுக்குப் பதில் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றுபவர்களும் உண்டு. அது சூட்டைக் கட்டுப்படுத்துவதில் மெல்லிய பூச்சைவிடச் சிறந்தது, விலையும் குறைவு. ஆனால் மழை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குழாயோடு ஒட்டி நிற்கும். உள்ளே உலோகமும் அளவுக்கு மீறிச் சூடாகும். மேனிஃபோல்டுக்குப் பதில் மாட்டும் குழாய்த் தொகுதியான மைல்ட் ஸ்டீல் ஹெட்டர் அதற்குள் அரித்து, வெடிப்பு விடுவது அடிக்கடி நடக்கிறது. துணி சுற்றினால் உத்தரவாதம் கிடையாது என்று ஹெட்டர் தயாரிப்பாளர்கள் பலர் எழுதியே கொடுக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, தினம் அலுவலகம் போய்வரும் புதிய காருக்கு இந்தச் செலவு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். மைல்ட் ஸ்டீல் ஹெட்டர் மாட்டிய பழைய கார், டர்போ ஏற்றி மாற்றியமைத்த வண்டி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் கார் ஆகியவற்றுக்கு இது தகுந்த செலவு. இந்தக் கார்களை வைத்திருப்பவர்களும் வேறு வேலைக்காக மேனிஃபோல்டைக் கழற்றும்போது சேர்த்துச் செய்வதே நல்லது. பூச்சுக்காக மட்டும் கழற்றப் போய், துருவேறிய ஸ்டட் போல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்தால் பூச்சின் கூலியைவிட ஸ்டட்டை எடுக்கும் கூலி கூடிவிடும். கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: உட்புறமும் பூசுகிறீர்களா, சூளையில் எத்தனை டிகிரியில் வைப்பீர்கள், உரிந்தால் மறுபடி பூசித் தருவதாக எழுதிக் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகே வண்டிச் சாவியைக் கொடுங்கள்.