பக்கவாட்டில் நிற்கும் வீரன்

குன்னூர்ப் பக்கம் தேயிலை பறிக்கிறவர்களுக்கும், கொடைக்கானலில் விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களுக்கும் காட்டுமாடு ஒன்றும் புதுசு இல்லை. தெருவிலேயே வந்து நிற்கும். உலகத்திலேயே பெரிய காட்டு மாட்டினம் இதுதான். நன்றாக வளர்ந்த காளை 1,000 கிலோ வரை தேறும். தோள் உயரம் மட்டும் சுமார் 6 அடி. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும், பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, பளிச்சென்று வெள்ளை!

முதுகைப் பாருங்கள். தோளிலிருந்து நடு முதுகு வரை ஒரு மேடு ஓடும். கொழுப்பு என்று நினைக்கவேண்டாம். முதுகெலும்பின் முட்கள் நீண்டு வளர்ந்து, அதன்மேல் தசை ஏறியிருக்கிறது.

இரண்டு காளைகளுக்குள் தகராறு வந்தால் உடனே முட்டிக்கொள்ளாது. அந்த மேடு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்று, தலையைத் தாழ்த்தி, மெதுவாக நடந்து காட்டும். "என் சைஸைப் பார்த்துக்கோ!" பெரும்பாலும் சின்னது ஒதுங்கிப் போய்விடும். ரத்தம் சிந்தாத பஞ்சாயத்து. நமக்கும் இந்தப் பழக்கம் வந்தால் நல்லதுதான்.

கூட்டத்துக்குத் தலைமை பெரும்பாலும் வயதான பசு. ஆபத்து தெரிந்தால் மூக்கால் சீட்டி அடித்த மாதிரி ஒரு சீறல். அடுத்த நொடி எல்லாம் புதருக்குள். புலிகூடக் கன்றைத்தான் முதலில் தேடும். பெரிய காளை என்றால் அதற்கும் யோசனைதான். சுற்றுலா வந்த நம் ஆட்கள்தான் யோசிக்காமல் செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறார்கள்.