மாதிரியின் நேர்மை

ஓர் உணவுப் பொருளில் புரதம் எவ்வளவு உள்ளது என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் ஓர் எண்ணை விடையாகத் தருகிறது. அந்த எண்ணை நம்பியே பால்மாவு ஏற்கப்படுகிறது. குழந்தைகளுக்குச் சத்துமாவு வழங்கப்படுகிறது. ஆயினும், மாதிரி கருவியைச் சென்றடையும் முன்னரே, அதைப் பக்குவப்படுத்தும் மேசையில் அந்த எண்ணின் மெய்ம்மை பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் 1883ஆம் ஆண்டில் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறுகிறது. பின்னர்க் காரம் சேர்த்து, வடித்தெடுக்கும் அம்மோனியாவை அளக்கின்றனர். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்பதால், கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்குகின்றனர், பாலுக்கு இவ்வெண் 6.38.

இம்முறை அளப்பது நைட்ரஜனையே; புரதம் கணக்கிட்டுப் பெறப்படுவது. இந்த இடைவெளியில்தான் வஞ்சகம் நுழைந்தது. மெலமைன் என்னும் வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன் ஆகும். சீனாவில் நீர் கலந்த பாலில் அதைச் சேர்த்துப் புரதம் நிறைந்ததாகக் காட்டினர். 2008ஆம் ஆண்டில் இது வெளிப்பட்டபோது ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. ஆறு குழந்தைகள் உயிரிழந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

மாதிரியைப் பக்குவப்படுத்துவதில் ஒரு படியைக் கூட்டினால் இவ்வஞ்சகம் பலிக்காது. பாலில் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகிறது. மெலமைனும் யூரியாவும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. வடிகட்டி, வீழ்படிவின் நைட்ரஜனை மட்டும் அளந்தால் உண்மைப் புரதம் தெரியவரும்.

மாதிரி எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். அசையாது வைத்த பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். நன்கு கலக்காமல் எடுத்த பால் முழுப் பாத்திரத்திற்கும் சான்றாகாது. தானியத்தைப் பல மூட்டைகளிலிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, சீராக அரைத்து, ஈரப்பதத்தையும் குறித்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப் பணிக்கிறது. பிரிக்கும் முன் கலக்கத் தவறினால் நான்கு பகுதிகளும் நான்கு விடைகளைத் தரக்கூடும்.

உயிர்த் திசுக்களில் இடர் இன்னும் மிகுதி. செல்கள் உடைந்தவுடன் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் விடுபடுகின்றன. ஆகவே திசுவைப் பனிக்கட்டியின் மீது வைத்து, குளிர்ந்த தாங்கல் கரைசலில், நொதித் தடுப்பான்கள் சேர்த்து அரைக்கின்றனர். மையவிலக்குக் கருவியில் சுழற்றிக் கழிவை நீக்குகின்றனர். தெளிந்த கரைசலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைப்பது நன்று. ஒரே குப்பியை மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் புரதம் கெடும்.

மாதிரி எடுத்த நேரம், வைத்திருந்த வெப்பநிலை, சேர்த்த பொருள் ஆகியவற்றை மாணவர் ஏட்டில் பதிதல் வேண்டும். அறிக்கையில் கையொப்பமிடும் அலுவலர், எண்ணைக் காணுமுன் அந்த ஏட்டைக் காணுதல் வேண்டும். அந்த எண்ணை நம்பிப் பாலருந்தும் குழந்தைக்கு அதைச் சரிபார்க்கும் வழியில்லை.