கொள்ளை வழக்கும் கோர்ட்டுத் தண்டனையும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருளைச் சேர்க்கும் வழியைப்பற்றி நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். சேர்த்த பொருளை ஒருவன் வழிமறித்துப் பறித்துக்கொண்டால் செய்யவேண்டுவது யாது என்பதைப்பற்றிப் பேசுவது அபூர்வம். சங்கத்தின் வசூல் பணத்தைப் பாங்கிக்குக் கொண்டுபோகும் குமாஸ்தாவும், ஈட்டு நகையை மீட்டுக்கொண்டு வீடு திரும்பும் அங்கத்தினரும் இவ்வபாயத்திற்கு உட்பட்டவர்களே. ஆகையால் கொள்ளை வழக்கு நம் நாட்டுக் கோர்ட்டுகளில் எவ்விதம் நடந்து எவ்விதம் முடிகிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, திருட்டு வேறு, கொள்ளை வேறு. ஒருவர் அறியாமல் பொருளை எடுப்பது திருட்டு. எடுப்பதற்காகவோ, எடுத்ததைக் கொண்டுபோவதற்காகவோ அடித்தாலும், வழிமறித்துத் தடுத்தாலும், உடனே அடிவிழும் என்று பயமுறுத்தினாலும் அது கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு வகுத்த இப்பாகுபாட்டையே, 1-7-2024 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் வைத்திருக்கிறது. அத்தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

சாதாரணத் திருட்டுக்கு முதல் தடவையில் 3 வருஷம் வரையில் தண்டனை உண்டு. கொள்ளைக்கு 10 வருஷம் வரையில் கடுங்காவலும் அபராதமும் விதிக்கலாம். அஸ்தமனத்திற்குப் பின் உதயத்திற்கு முன் ராஜபாட்டையில் நடந்தால் 14 வருஷம் வரையில் ஆகலாம். காயம் உண்டாக்கினால் ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். கொலைக்கருவியை உபயோகித்திருந்தால் 7 வருஷத்திற்குக் குறைத்து விதிக்க முடியாது.

புஸ்தகத்தில் 10 வருஷம் என்று இருப்பதால் ஒவ்வொரு வழக்கிலும் அவ்வளவு விதிப்பார்கள் என்று எண்ணக்கூடாது. கொள்ளை வழக்கை முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். ஆனால் அவர் விதிக்கக்கூடியது 3 வருஷம் வரையில்தான். எதிரி குற்றவாளியே, இன்னும் கடுமையான தண்டனைக்கு உரியவன் என்று அவர் கருதினால், வழக்கைத் தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அவர் 7 வருஷம் வரையில் விதிக்கலாம். கூட்டுக்கொள்ளையும், கொலைக்கருவி கொண்டு செய்த கொள்ளையும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். 18 வயது நிரம்பாதவன் முதலில் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான்.

குற்றம் ருஜுவான பிறகும், தண்டனையின் அளவைப்பற்றி எதிரி சொல்வதை நீதிபதி கேட்டாகவேண்டும். காயத்தின் தன்மை, முந்திய தண்டனைகள், வயது முதலியவற்றை அவர் யோசிப்பார். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும்.

இனி, "ராஜியாய்ப் போய்விடலாமே" என்று கிராமத்தில் சிலர் சொல்வதைக் கவனிப்போம். திருட்டு வழக்கில் உடைமைக்காரர் ராஜியாகலாம். கொள்ளை வழக்கில் அதற்கு இடமில்லை. எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ள உடன்படும் முறை 2006 முதல் நம் சட்டத்தில் உண்டு. அது 7 வருஷத்திற்கு மேற்படாத குற்றங்களுக்கு மட்டுமே ஆகையால், நடந்து முடிந்த கொள்ளைக்குப் பொருந்தாது. பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவரே ஆயினும், அவ்வழியே நடக்கும் அனைவருடைய பயமும் அதில் அடங்கியிருப்பதால், அவர் ஒருவர் மன்னித்து அதை முடித்துவிட முடியாது.

முற்காலத்தில் தென் ஜில்லாக்களில் துப்புக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. களவுபோன மாட்டை மீட்டுத் தருவதாக ஒருவன் கூலி வாங்கிக்கொள்வான். மாடு வரும், கள்ளன் வரமாட்டான். கள்ளனைப் பிடிபடச் செய்ய முயலாமல் இவ்விதம் கூலி வாங்குவது 2 வருஷம் வரையில் தண்டனைக்குரிய குற்றம். கொள்ளைக்காரனைத் தப்பவிடுவதற்காகப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றமே. நகை திரும்பிவந்தால் போதும் என்று இருப்பவர், அடுத்த கொள்ளைக்கு வழி விடுகிறார்.

ஆகவே வழக்கு நிற்பதும் விழுவதும் சாட்சியத்தைப் பொறுத்தது. உடனே பிராது கொடுங்கள். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாய்க் கிடைக்கும். விசாரணை எவ்வளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். போன நகைகளின் எடையையும் அடையாளத்தையும் எழுதிக் கொடுங்கள். முன்பு ஈடு வைத்த நகையானால் சங்கத்தின் அடமானப் புஸ்தகமே அதற்கு ஆதாரம். களவுபோன சில நாட்களுக்குள் பொருள் ஒருவனிடம் அகப்பட்டு, அவன் தக்க சமாதானம் சொல்லாவிட்டால், அவனே எடுத்தவன் அல்லது தெரிந்து வாங்கியவன் என்று கோர்ட்டார் ஊகிக்கலாம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடப்பதற்கு முன் பிடிபட்டவனைப் போய்ப் பார்க்காதீர்கள்; பார்த்தால் அந்தச் சாட்சியம் பலமிழக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், நடந்ததை நடந்தபடியே சொல்லுவது. கத்தி இல்லாத இடத்தில் கத்தியைச் சேர்த்தால் தண்டனை கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்தக் கத்தி பொய்யானால், உண்மையாய் விழுந்த அடியையும் நீதிபதி நம்பத் தயங்குவார். பலாத்காரம் ருஜுவாகாவிட்டால் கொள்ளை வழக்கு வெறும் திருட்டாய்க் குறையும், அல்லது எதிரி விடுதலையாவான். பழைய பகையை வைத்து நாலாவது பேரைச் சேர்ப்பது அதனினும் கொடியது. நிரபராதி ஒருவனுடைய பல வருஷங்கள் அந்த ஒரு வார்த்தையில் இருக்கின்றன. ஒரு சாதியில் பிறந்ததையே சந்தேகத்திற்குக் காரணமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்தில் 1947-லும், தேசமெங்கும் 1952-லும் ரத்தாயிற்று. கோர்ட்டார் கேட்பது செய்கையை, பிறப்பை அல்ல.

மீட்கப்பட்ட பொருளுக்காகத் தீர்ப்பு வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்து, ஜாமீன் பெற்று, உடைமைக்காரரிடம் சீக்கிரம் ஒப்படைக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் தீர்ப்புச் செய்திருக்கிறது. எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்டவரும் அப்பீல் செய்யலாம்.

அங்கத்தினர்களே, கடன் பத்திரத்தில் உண்மையான தொகையை எழுதுவது எப்படி நம் கடமையோ, அப்படியே பிராதில் உண்மையான சம்பவத்தை எழுதுவதும் நம் கடமை. சங்கத்தின் நாணயத்தைக் காப்பாற்றும் அங்கத்தினர்கள் சாட்சிக் கூண்டிலும் அந்த நாணயத்தையே காப்பாற்றுவார்களாக.