விளையாட்டுக் கட்டையும் கணினிப் படமும்

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பிள்ளைகள் வீடும் வண்டியும் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டணத்துக் கடையில் அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த கடைக்கு இழுத்துச் சென்ற பெற்றோரும் நம்மிடையே உண்டு. டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் தொடங்கியதே லெகோ நிறுவனம். இன்று நாம் காணும் வடிவில் இக்கட்டைக்கு அந்நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரியது.

கட்டையை விலை கொடுத்து வாங்க இயலாதவர்களும் கட்டி விளையாட ஒரு வழி பிறந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்னும் இளைஞர் 1995இல் எல்-டிரா என்ற கணினி நிரலை எழுதினார். கட்டைகளைக் கணினியில் வரைந்து வைத்து, திரையிலேயே அடுக்கி, நினைத்ததைக் கட்டிப் பார்க்கலாம். 1997இல் அவர் இளவயதிலேயே காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து பல நாட்டு அன்பர்கள் ஊதியம் ஏதுமின்றி அப்பணியைத் தொடர்ந்தனர். இன்று 10,000க்கும் மேற்பட்ட உறுப்புகளின் படங்கள் அந்த நூலகத்தில் உள்ளன. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் வரைந்தனுப்பும் உறுப்பு உடனே நூலகத்தில் சேர்ந்துவிடாது. வேறு சிலர் அதைச் சரிபார்த்து, சரி என்று ஒப்ப வேண்டும். குறை கண்டால் காரணத்தை எழுதி நிறுத்தி வைக்கலாம். வரைவோர் பலர், சரிபார்ப்போர் சிலர். ஆகவே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த கோப்புகளும் உண்டு. காலத்தை வீணாக்காமல் சரிபார்ப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச வந்தோம். இதைப் பேச நமக்குள்ள தகுதி, இதை ஒருமுறை நன்றாகக் கெடுத்தவர் என்பதுதான்.

முதலில் அந்தக் கோப்பு எத்தகையது என்று பார்ப்போம். திறந்தால் படம் இராது. வரிவரியாக எண்களே இருக்கும். 2 என்று தொடங்கும் வரி ஒரு கோடு. 3 என்றால் முக்கோணம், 4 என்றால் நாற்கோணம். 1 என்று தொடங்கினால், வேறொரு கோப்பை அழைத்து இந்த இடத்தில் வை என்று பொருள். அளவுக்கும் தனி அலகு உண்டு. ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 20 அலகு, அதாவது 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 24 அலகு, அதாவது 9.6 மில்லிமீட்டர். புதியவரைத் திகைக்க வைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: இங்கே மேல்நோக்கிப் போகும் அளவு கழித்தல் குறியோடு எழுதப்படும்!

3001 என்னும் எண்ணுடைய, இரண்டுக்கு நான்கு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எட்டுக் குமிழ்கள். கவிழ்த்தால் உள்ளே மூன்று குழல்கள். எட்டுக் குமிழையும் எட்டு முறை வரைவதில்லை. குமிழ் ஒரு முறை தனிக் கோப்பில் வரையப்பட்டிருக்கும். அதை எட்டு முறை அழைப்பார்கள். அந்தக் குமிழில் பிழை இருந்தால் நூலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கட்டைகளிலும் அதே பிழை புகுந்துவிடும் அன்றோ? எனவே பல உறுப்புகள் சார்ந்திருக்கும் சிறு கோப்பை முதலில் பார்த்து முடிக்க வேண்டும். அது ஒப்பப்படாதவரை அதைச் சார்ந்தவை எதுவும் வெளிவர இயலாது. ஒன்றைப் பார்த்தால் பத்துக்கு வழி திறக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் தோட்டப் பள்ளியில் மாலை வேளைகளில் கணினிக் கழகம் நடத்தி வந்தோம். யாரோ நன்கொடையாகத் தந்த பழைய கட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நூலகத்தில் ஏற்கெனவே உள்ள உறுப்புகளையே பயிற்சிக்காகப் பிள்ளைகள் மறுபடி வரைந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சாய்ந்த இறக்கை போன்ற தட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் உழைத்தான். தாயார் செம்பனைக் காட்டில் வேலை முடிந்து வந்து வாசலில் காத்திருக்க, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சுவான்.

அவன் கோப்பை வாங்கி ஒரு மாலை முழுவதும் பார்த்தோம். பயிற்சிக் கல்லூரியில் கற்ற பழக்கம், சிவப்பு மைப் பேனாவைத் திறந்தால் மூட மனம் வருவதில்லை. 23 குறைகள் எழுதினோம். தலைப்பில் ஓர் இடைவெளி குறைவு என்றுகூட எழுதினோம். அது உண்மையான குறைதான். ஒற்றை இலக்க எண்ணுக்கு முன் இன்னோர் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் 10 என்பது 2க்கு முன்னால் போய் நிற்கும். ஆனால் குமிழ் வட்டமாக இல்லை, விளிம்பு நேர்க்கோடுகளாக இருக்கிறது என்று எழுதியது நம் அறியாமை. வட்டத்தை 16 நேர்க்கோடுகளால் வரைவதே அங்குள்ள வழக்கம். பையன் தாளைப் பார்த்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் கழகத்துக்கு வரவில்லை.

அன்று அந்தத் தட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், இது வலது இல்ல சார், இடது."

இந்த இறக்கைத் தட்டை வலம் இடமாக இரண்டு வகையில் வரும். வலதின் எண் 41769, இடதின் எண் 41770. பையன் கையில் இருந்தது இடது, வரைந்ததும் இடதுதான், எழுதிய எண்ணும் தலைப்பும் வலதுடையவை. இரண்டு சொல் மாற்றினால் தீர்ந்துவிடும் காரியம். அதை விட்டுவிட்டு 23 குறை எழுதியிருக்கிறோம்.

நம் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். மண்டோர் நிரைக்குள் வந்தால் முதலில் பார்ப்பது, கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்பதையே. மங்கில் தூசு கிடப்பதைப் பிறகு பார்ப்பார். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது என்பது அவருக்குத் தெரியும். சிறுவயதில் கண்ணால் கண்ட இந்த முறை, நாற்பது வயதுக்கு மேல்தான் நமக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நம் முறையை மாற்றிக்கொண்டோம். உண்மையான கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ளதையும் அதே பக்கம் திருப்பி, இது அதுதானா என்று கேட்பதே முதல் வேலை. குமிழ் எத்தனை, குழல் எத்தனை, வலமா இடமா? இதற்கு ஒரு நிமிடம் போதும். இதில் தவறினால் மற்றதைப் பார்க்காமலே திருப்பித் தரலாம்.

இரண்டாவது, இயந்திரம் காணக்கூடிய பிழையை மனிதக் கண் தேடக் கூடாது. ஒரே கோடு இருமுறை எழுதப்பட்டிருப்பது, நாற்கோணத்தின் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் முறுக்கிக்கொண்டிருப்பது, மூலைகளின் வரிசை மாறிக் குறுக்கே வெட்டிக்கொள்வது ஆகியவற்றையெல்லாம் சோதனை நிரல்கள் நொடியில் சொல்லிவிடும். எல்-டி-வியூ என்னும் நிரலில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பரப்புக்கும் வெளிப்பக்கத்தைப் பச்சையாகவும் உட்பக்கத்தைச் சிவப்பாகவும் காட்டும். கட்டையை ஒருமுறை சுற்றிப் பார்க்கையில் வெளியே எங்கேனும் சிவப்புத் தெரிந்தால், அங்கே மூலைகள் தலைகீழ் வரிசையில் எழுதப்பட்டுள்ளன. எண்களைப் படித்துக் கண்டுபிடிப்பதாயின் அரைநாள் போய்விடும்.

கண்ணுக்கென்று மிச்சமிருப்பது அளவும் இணைப்பும். எல்லா அளவையும் எடுக்க வேண்டியதில்லை. பிற கட்டைகளோடு பொருந்தும் இடங்களை மட்டும் அளந்தால் போதும். துளை ஓர் அலகு விலகினால் அதில் செருகும் கட்டையும் விலகும். அலங்கார வளைவு சற்றே மாறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு பரப்பின் மூலை, அடுத்த பரப்பின் விளிம்பு நடுவில் முட்டி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே மெல்லிய கீற்றாக வெளிச்சம் கசியும்.

ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றை ஒரே அமர்வில் பார்ப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும். பொம்மை மனிதனின் உடற்பகுதிக்கு எண் 973. அதன்மேல் சட்டை, பொத்தான், சின்னம் என்று அச்சிட்ட வகைகள் ஏராளம். உடல் ஒன்றே, அதைத் திரும்பத் திரும்ப அளப்பானேன்? அச்சிட்ட படத்தை மட்டும் பார்த்தால் போதும்.

குறை இருந்தும் பயன்படக்கூடிய உறுப்பை அந்த நூலகத்தார் வெளியே தள்ளுவதில்லை. இன்னும் வேலை தேவை என்று தலைப்பிலேயே குறித்து வெளியிடுகிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், முடிந்தவர் திருத்துவார். பள்ளிப் புத்தகங்களைத் திருத்தும் நமக்கு இது ஒரு புதிய பாடமாகவே இருந்தது.

பையனைப் பார்க்க லயத்துக்குப் போனோம். தாயார் தேநீர் கலக்கிக் கொடுத்தார். நாம் திருத்தியதே தவறு என்று அவனிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்ப மத்த இருபத்திரண்டும் சார்?" என்று கேட்டான். சோதனை நிரலில் இட்டுப் பார்த்தபோது அது நான்கைத்தான் காட்டியது. ஒரே மாலையில் திருத்திவிட்டான்.

இப்போது கழகத்தில் நாம் வரைவதையும் பிள்ளைகளே சரிபார்க்கிறார்கள். சென்ற மாதம் 3001ஐ வரைந்து அவனிடம் கொடுத்தோம். ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினான்: "சார், அடியில குழல் ஒன்னு கொறையுது."