பூட்டைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"டீச்சர், கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு!" வாரத்தில் மூன்று முறையாவது இந்தக் குரல் என் காதில் விழுகிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கெட்டிருக்காது. இணையத்தைத் திறந்து காட்டும் உலாவி, அது குரோமோ பயர்பாக்சோ எட்ஜோ எதுவானாலும் சரி, ஒன்று படுத்துவிட்டிருக்கும். இல்லையென்றால் "இந்த இணைப்பை நம்ப முடியாது" என்று எச்சரித்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பெற்றோர்களுக்கும் அப்படியே. ஆனால் முதலாவது நோய், இரண்டாவது காவல்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கணினியில் நினைவகம் குறைவு. இருபது பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைத்தால் அது திணறி விழத்தான் செய்யும். வேண்டாத பக்கங்களை மூடுங்கள். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கம் எவ்வளவு விழுங்குகிறது என்ற பட்டியல் வரும். அப்படியும் விழுந்தால், "இலவசம்" என்று யாரோ சேர்த்துவிட்ட ஒட்டுநிரல்களைச் சந்தேகப்படுங்கள். ஷிப்ட் விசையை அழுத்தியபடியே பயர்பாக்சைத் திறந்தால், ஒட்டுநிரல்கள் இல்லாமல் திறக்கலாமா என்று கேட்கும். அப்போது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குரோம் 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அதைக் கைவிட்டுவிட்டது. அதற்கு மேல் வைத்தியம் பார்ப்பது வீண் வேலை.

இனி காவலுக்கு வருவோம். எஸ்டேட் கேட்டில் ஜாகா நிற்கிறார். செம்பனைக் குலை ஏற்ற லோரி வருகிறது. ஜாகா டிரைவரின் லைசென்சை வாங்கி மூன்று விஷயம் பார்க்கிறார். பெயர் சரியா? கொடுத்தது ஜே.பி.ஜே. தானா? தேதி முடிந்துவிட்டதா? உலாவி செய்வதும் இதே வேலைதான். நீங்கள் பேங்கின் பக்கத்துக்குப் போனால், அந்தப் பக்கம் ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். பெயர், கொடுத்தவர், தேதி மூன்றில் ஒன்று தவறினாலும் உலாவி வழி மறிக்கும்.

அந்த ஜாகாவின் சுவரில் 2009ஆம் ஆண்டுக் காலண்டர் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் எடுத்த லைசென்சைக் காட்டினால், "இது இன்னும் பிறக்கவே இல்லையே!" என்று அவர் திருப்பி அனுப்பிவிடுவார். பழைய கணினிகளில் நடப்பது இதுதான். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு, சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையில் கொடுப்பார்கள். அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைத்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். ஆகவே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறதா, முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்து, ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால், கோளாறு அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடும். சாப்பாட்டுக் கடை வைபையில் மட்டும் வந்தால் அந்த வைபையைச் சந்தேகப்படுங்கள்.

தேதி சரியாக இருந்தும் பழைய கருவிகள் மறிப்பதுண்டு. 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, உலகமெங்கும் பயன்பட்டு வந்த ஒரு மூலச் சான்றிதழின் காலம் முடிந்தது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளும் கைப்பேசிகளும் அன்று முதல் பல நல்ல பக்கங்களைக்கூட நம்ப மறுத்தன.

"அப்படியானால் இதெல்லாம் வெறும் தேதிச் சண்டைதானே, 'பரவாயில்லை, உள்ளே போ' என்று அழுத்திவிட்டால் என்ன?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். 2011ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

ஹாலந்து நாட்டில் டிஜிநோட்டார் என்று சான்றிதழ் வழங்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதற்குள் திருடர்கள் புகுந்து, கூகுளின் பெயரிலேயே ஒரு பொய்ச் சான்றிதழ் செய்துகொண்டார்கள். ஈரான் நாட்டு மக்கள் ஜிமெயிலைத் திறந்தபோது, நடுவில் யாரோ உட்கார்ந்து கடிதங்களை வாசிக்க வழி பிறந்தது. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறக்குறைய மூன்று லட்சம். குட்டு எப்படி உடைந்தது தெரியுமா? ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒருவருக்கு குரோம் எச்சரிக்கை காட்டியது. அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. "இது என்ன?" என்று கூகுளிடம் கேட்டார். அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது.

ஹாலந்து தூரம் என்று நினைக்காதீர்கள். அதே ஆண்டு நவம்பரில், நம் நாட்டு டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் கொடுத்திருந்த 22 சான்றிதழ்களில் 512 பிட் அளவுள்ள பலவீனமான சாவிகள் இருந்தது வெளிவந்தது. அந்த அளவுள்ள சாவியை ஆராய்ச்சியாளர்கள் 1999லேயே உடைத்துக் காட்டியாகிவிட்டது! விவசாய ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் பெயரில் இருந்த சான்றிதழைக் கொண்டு, யாரோ தீய நிரல் ஒன்றுக்கு முத்திரை குத்தியதும் அப்போதுதான் தெரிந்தது. மொசில்லா, மைக்ரோசாப்ட், கூகுள் மூன்றும் அந்த நிறுவனத்தின் மீது வைத்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. (இதே பெயருள்ள அமெரிக்கக் கம்பெனி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வராவிட்டால் நல்ல பக்கம் என்றும் அர்த்தமில்லை. திருடனும் தன் சொந்தப் பெயருக்கு முறையாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம், இலவசமாகவே கிடைக்கிறது. அதனால்தான் குரோம், முகவரிக்குப் பக்கத்தில் காட்டிவந்த பூட்டுப் படத்தை 2023இல் எடுத்தேவிட்டது. முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பேங்கின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வருவதையும் பார்க்க வேண்டும்.

துன் சம்பந்தன் 1960இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் தாத்தா பாட்டிமார் பால்வெட்டிய சம்பளத்திலிருந்து மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். இன்று அவர்கள் பிள்ளைகளின் சேமநிதிப் பணம் முழுவதும் ஒரு கைப்பேசிக்குள் இருக்கிறது. அந்தக் கைப்பேசியைப் பாட்டிக்குத் திறந்து கொடுப்பது யார்? நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான். "உள்ளே போ" என்று அழுத்துகிற பழக்கம் அந்த விரலுக்கு வந்துவிடக் கூடாது.

ஆகையால் பிள்ளைகளே, எச்சரிக்கை வந்தால் எதையும் அழுத்தாமல் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். வகுப்பில் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். பெற்றோர்களே, ரகசிய எண்ணை எங்காவது கொடுத்துவிட்டு, பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே பேங்குக்கும் 997 என்ற எண்ணுக்கும் போன் அடியுங்கள். மறுநாள் காலை வரை காத்திருந்தால் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருக்கும்.